தாய்லாந்துக் காய்

அதுல குந்தாதக்கா, அதுக்கு ஒரு காலு ஆடும். இப்படி கிச்சனாண்ட வா. இந்த ஸ்டூலு நல்லா கீது, இதுல குந்து. என் புள்ளயக் கூப்டறேன், கூப்டாம எங்க போறேன். உன்ன வரச்சொல்லி போன் பண்ணதே நாந்தானே. ஆனா இப்ப கூப்ட்டா வர மாட்டான். தோ, அந்தக் கதவுக்கு உள்ளாண்டதான் கீறான். தூங்கலாம் இல்ல. ஐய, தட்டாதக்கா. தட்டினா செவுத்தப் பாத்து திரும்பிப் படுத்துக்குவான், அவ்ளோதான், இன்னிக்கிப் பொழுது போச்சி. போலீசு வந்து தட்டிச்சி. அவங்கப்பா தட்டினாரு. கூடப் படிச்ச பசங்க வந்து தட்டிச்சிங்க. ஒன்னியும் நடக்கல. இந்தக் காய ஆக்கினாத்தான் வருவான்.

இன்னா காயா? தாய்லாந்துக் காய். இன்னா அப்டிப் பாக்கற. நீ அங்கேர்ந்து திருவொத்தியூரு, தண்டையார்பேட்டைன்னு ஷேர் ஆட்டோ மாறி மாறி வந்து எறங்கற, இவ இன்னாடான்னா முட்டகோஸ வெட்டிகினு நிக்கறாளேன்னு பாக்கற. தெரியிதுக்கா. எனக்கும் கண்ணு கீது. இரு, தண்ணி குடி மொதல்ல. கேன் தண்ணிதான், பயப்படாத.

சுத்தி வளைக்க வாணாம், நா நேராவே சொல்றேன். உனக்கு அபினு, எனக்கு அன்பு. ரெண்டும் ஒன்னாப் படிச்சிதுங்க, ஒன்னா ஊரு சுத்திச்சிங்க, ஒன்னாதான் ஏரோப்ளேன் ஏறிச்சிங்க. தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலன்னு அந்த ஏஜெண்ட்டு சொன்னத நானும் நம்பினேன், நீயும் நம்பின. அப்பால ஆத்துக்கு அந்தாண்ட, பர்மா பக்கம் இஸ்துகினு போயி, செல்போன்ல ஊருல கீறவங்கள ஏமாத்தற வேல குடுத்து, உள்ள போட்டுப் பூட்டிட்டானுங்கன்னு டிவில சொல்லித்தான் நமக்கே தெரிஞ்சிச்சி. என்து திரும்பி வந்துச்சி. உன்து வரல. இத்த நீ வாயத் தொறந்து சொல்லவே வாணாம், படியேறி வந்து வாசல்ல நின்னு என்னப் பாத்த பாரு, அதுலயே கீது.

போன தபா நீ வந்தப்ப எனக்கு ஒன்னியும் தெரியாதுன்னேன். அப்ப மெய்யாலுமே தெரியாது. நீதான் நம்பல. உங்க வூட்டுக்காரரு கீழ கார வுட்டு எறங்கவே இல்ல, ஹாரன் மட்டும் அடிச்சிகினே இருந்தாரு. உன்கூட வந்த அந்த மீச வெச்ச ஆளு, உன் தம்பியா அவரு, மாடிப்படில நின்னுகினு இன்னா கத்து கத்தினாரு. ஹவுசிங் போர்டு பய, எங்க வூட்டுப் புள்ளய இட்டுகினு போயி வித்துட்டு அவன் மட்டும் வந்துட்டான்னு. இந்த பிளாக்கு மொத்தமும் கதவத் தொறந்துகினு நின்னு கேட்டுச்சி. எதிர் வூட்டு பட்டம்மா சோத்துத் தட்டோடயே வந்து நின்னுச்சி, அது இன்னாவோ சினிமா மாதிரி. நீ கத்தல. அது எனக்கு நெனப்பு கீது. ஆனா கம்முனு நின்ன. அதுவும் நெனப்பு கீது.

சரி, அத்த வுடு. அழுவாத. இப்ப நா உன்ன அழ வெக்க சொல்லல. இந்தப் பூண்ட உரி. உரிக்கத் தெரியும்ல? உங்க இரும்புக் கடைல ஆளு வேல செய்யும், வூட்ல நீதானே செய்வ? பாத்தியா, தோ, நல்லா உரிக்கற. முழுசா வாணாம், ஒரு தட்டு தட்டி வெச்சிடு, நசுங்கணும்.

இந்தக் காய் கீதே, இது என் உயிர வாங்கிச்சிக்கா. மெய்யாலுமே. இவன் வந்தப்ப எப்படி வந்தான் தெரியுமா? ஏர்போர்ட்டுல எனக்கு அடையாளமே தெரியல. சட்ட மாட்டின கொச்சக் கயிறு மாதிரி வந்து நிக்கறான். சரி, வூட்டு சோறு துன்னா தேறிடுவான்னு நெனச்சேன். காசிமேட்டுக்குப் போயி, ஏலத்துல நின்னு, வஞ்சிரம் வாங்கினு வந்து கொழம்பு வெச்சேன். சின்ன வயசுல அந்தக் கொழம்புக்கு சண்ட போடுவான். தொடல. கறி எடுத்தேன், தொடல. சரி, வயிறு சரியில்ல போலன்னு ரசம் வெச்சேன், கஞ்சி வெச்சேன். தட்டு அப்படியே வெளிய வரும். எறும்பு மொச்சிகினு வரும்.

அப்ப ஒரு நாளு கதவு இடுக்குல இருந்து சொல்றான், யம்மா, காய் போட்டுத் தரியா, தாய்லாந்துல போடுவாங்களே அது. எனக்கு இன்னா சந்தோஷம்ன்ற! வந்ததுல இருந்து அவன் வாயத் தொறந்து கேட்டது அது ஒன்னுதான். அதுக்கு ஒரு பேரு சொன்னான், என் வாயில நுழையல. காய்தானேடா, இன்னா பெரிய வித்த, தோ போட்டுத் தரேன்னேன். அன்னிக்கிப் புடிச்சிதுக்கா சனி.

நம்ம கைக்கு பொரியல்தான் தெரியும். காய எடுத்து வெச்சா, கை தானா போயி கடுகு டப்பாவத் தொறக்குது. நா தொறக்கல, கை தொறக்குது. எண்ணெ காஞ்சா வெடிக்கணும்ல எதுனா? அப்பால மஞ்சத் தூளு. அத்த போடக் கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிகினே போட்டேன். அப்பால உப்பு போட்டு, ரவ தண்ணி தெளிச்சி, மூடி போட்டு மூடிட்டேன். மூடாம எப்படிக்கா வேவும்? தொறந்து பாத்தா கூட்டு. மஞ்சளா, கொழகொழன்னு. இவன் வந்தான், எட்டிப் பாத்தான். இது இல்லம்மான்னான். போயிட்டான்.

இது இல்லம்மா. இது இல்லம்மா. நெதிக்கும் இதே பாட்டு.

அப்பால செல்போன்ல பாத்தேன். ஒரு பொம்பள, சப்ப மூக்கு, சிரிச்ச மூஞ்சி. எல்லாத்தயும் கண்ணாடி கிண்ணத்துல தனித்தனியா வெச்சிகினு, ஒரு ஓரமா பூ வேற வெச்சிருக்கா. கோஸு, கேரட்டு, பீன்ஸு, காளான், சின்னச் சோளம். பூண்டும் மொளகாயும் நசுக்கிப் போடறா, காயப் போடறா, சாஸு ஊத்தறா, சக்கர ரவ, அம்புட்டுதான், எறக்கிட்டா. நா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள தட்டுல கீது. பச்ச பச்சயா, கேரட்டு பளபளன்னு. இத்தப் பாத்துட்டு நானும் ஆரம்பிச்சேன். கடுகு டப்பாவத் தூக்கி அலமாரி மேல வெச்சிட்டேன், கைக்கு எட்டாம.

சாஸுக்கு எங்க போறது? பர்மா பஜாருக்குப் போனேன். ஒருத்தன் கருப்பா ஒன்னு குடுத்தான், இன்னொருத்தன் அது இல்ல இதுன்னு வேற ஒன்னு குடுத்தான். நம்ம ஏரியால அத்தோன்னு பர்மா நூடுல்ஸு போடற கடக்காரரு, தண்ணியா மீன் சாஸு ஒன்னு கீதும்மா, அது இல்லாம தாய்லாந்து காரனுக்கு சோறு எறங்காதுன்னாரு. தேடி வாங்கியாந்து தொறந்தேன். காசிமேட்டுல வலை காயப் போடற எடத்துல வளந்தவக்கா நா, எனக்கே கொடலப் பெரட்டிச்சி. பட்டம்மா எதிர் வூட்ல இருந்து கத்துது, இன்னா செங்கொடி, எலி எதுனா செத்துக் கெடக்குதா பாரு, கட்டிலுக்கு அடில பாருன்னு. வாய மூடுடின்னேன்.

அப்படியும் வரல. இன்னா கொறன்னே தெரியல. ஒரு நாளு பூண்டு கருகும். ஒரு நாளு காயி பச்சயா கீது, மாட்டுக்குப் போட்ட மாதிரி. ஒரு நாளு தண்ணி வுட்டுகினு நீச்சலடிக்குது. அப்பாலதான் புரிஞ்சிது, அடுப்பு. அந்தப் பொம்பள அடுப்பு கீதே, வெல்டிங் பட்டற மாதிரி எரியிது. நம்ம அடுப்பு பொறந்த நாளு கேக்கு மேல வெச்ச மெழுகுவத்தி. காய கொட்டினதும் சட்டி ஆறிப் போயிடும், காயி தண்ணி வுடும், வேவாது, அவியும். மெக்கானிக்க கூப்ட்டேன். வந்தான், பர்னர நோண்டினான், இதுக்கு மேல எரியணும்னா நீ ஃபேக்டரிதான் வெக்கணும்ன்ட்டுப் போயிட்டான்.

அன்னிக்கி எனக்கு வந்த ஆத்திரத்துல கரண்டியத் தூக்கி அந்தக் கதவு மேலயே வுட்டேன். பின்ன எதுடா? சொல்லேன்டா! உப்பு இல்லயா, ஒறப்பு இல்லயா, இன்னா இல்ல? வேலைக்குப் போயிட்டு வந்து, கால்வலியோட நின்னு, நீ கேட்டன்னு ஒரு எழவக் காய ஆக்கிகினு கீறேன், நீ ராஜா மாதிரி எட்டிப் பாத்துட்டு இது இல்லன்னா நா இன்னாடா மயிரப் புடுங்கவான்னு கேட்டேன். மன்னிச்சிக்கக்கா, நீ ஜபம் பண்றவ. எங்க வூட்டுக்காரரு வந்து வாய மூடு, வாய மூடுன்னாரு. அவரு இன்னிக்கி இல்ல, ட்ரெய்லரோட எண்ணூரு ரோட்ல கியூவுல நிக்கறாரு. ஹார்பருக்குள்ள எப்ப வுடுவானோ. அவரு இல்லாத அன்னிக்கா பாத்துத்தான் உன்ன வரச் சொன்னேன். அவரு இருந்தா, சொல்லாத, வம்பு வரும், போலீசு கோர்ட்டுன்னு இழுத்துடுவாங்கம்பாரு.

இன்னா சொல்லாதயா? தோ, பாரு, அதுக்குத்தான் வரேன். நீ எழுந்திரிக்காத. பூண்டு முடிஞ்சிதா? பீன்ஸ எடு. நேரா வெட்டாத, சாய்ச்சி வெட்டு. கத்தி மழுங்கி கீது, பாத்து. அந்த வளையல கழட்டி வெச்சிக்கயேன், சத்தம் போட்டுகினே கீது.

ஏங்க்கா, அபினு வூட்ல தட்டு கூட எடுத்து வெக்க மாட்டானாமே? மெய்யா? துன்னுட்டு அப்படியே எழுந்து போயிடுவானாமே. சாத்தாங்காட்டு கடைல வந்து குந்துடா, இரும்பு எட போடறதப் பாருடான்னு அவங்கப்பா சொன்னா, கை அழுக்காவும்னு சொல்லிட்டு பைக்க எடுத்துகினு இந்தாண்ட வந்துடுவானாமே. சண்ட போட்டுகினுதான் கெளம்பினானாமே, உங்கிட்ட கூட மூஞ்சி குடுத்துப் பேசாம.

எனக்கு எப்படித் தெரியுமா? தெரியும். இரு.

அன்பு சொல்லாம இன்னா, அவந்தான் சொன்னான். ஆமாக்கா, பேசினான். போன ஞாயித்துக்கிழம பேசினான். அதுக்குத்தானே உன்னக் கூப்ட்டேன். இப்ப போயி கதவ ஒடைக்காத, குந்து, குந்துன்றேன்ல! நீ போயி நின்னா திரும்பியும் வாய மூடிக்குவான், அப்பால நீயும் நானும் இந்தக் கதவுக்கு மால போட்டு கும்புட வேண்டியதுதான். நா சொல்ற மாதிரி கேளு. உன்ன டபாய்க்கல. என் புள்ள மேல சத்தியமா டபாய்க்கல. எனக்கு எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல, அதான். வாய் வரமாட்டேன்னுது. கை வேல செஞ்சாதான் வாய் வருது எனக்கு.

தோ, கீழ பாரு. இது கலீலுல்லா பாயோட அடுப்பு. கீழ் பிளாக்குல கீறாரு, கல்யாணத்துக்கு பிரியாணி போடறவரு. ஞாயித்துக்கிழம படியில பாத்துட்டு, இன்னாம்மா, தெனம் உன் வூட்ல பூண்டு வாசன வருது, அப்பால உன் திட்டு வருதுன்னாரு. சொன்னேன் அவருகிட்ட. சிரிச்சாரு, சிரிச்சிட்டு, உனக்கு தீ பத்தலம்மான்னு இத்தத் தூக்கியாந்து வெச்சிட்டுப் போனாரு. ஜன்னல நல்லா தொறந்து வெச்சிக்கோ, சேல தலப்ப சொருகிக்கோன்னு நாலு தபா சொன்னாரு. நீயும் சொருகிக்கோ. பின்னாடி நகந்து குந்து.

அன்னிக்கி இத்தப் பத்த வெச்சேன் பாரு, சட்டியத் தூக்கிடும் போல எரிஞ்சிது. லாரி கெளம்பற மாதிரி ஒரு சத்தம். எனக்கே பயம். பூண்டு மொளகா போட்டேன், ஒரு பெரட்டு, காயக் கொட்டினேன், கரண்டி டங்கு டங்குன்னு அடிக்குது. திரும்பிப் பாத்தா இவன் நிக்கறான். நா கூப்டல, எவனும் கூப்டல. தானா கதவத் தொறந்துகினு வந்து இங்க, நீ குந்திகினு கீற எடத்துலதான் நின்னான். கண்ணு சட்டி மேலயே கீது. உடம்பெல்லாம் வேர்த்துப் போச்சி அவனுக்கு.

இது இல்லம்மான்னு சொல்லுவான்னு பாத்தேன். சொல்லல.

சரி, பத்த வெக்கறேன். காதப் பொத்திக்காத, அப்படித்தான் கத்தும். இந்தா, அந்த பீன்ஸக் குடு. அல்லாத்தயும் கையாண்ட வெச்சிக்கணும், நடுவுல தேடக் கூடாது. எண்ணெ. பொக வரட்டும். வந்துச்சா? பூண்டு. பாரு, பாரு, எம்மாம் வேகம். மொளகா. இருமிக்கோ, இருமிக்கோ, எனக்கும் வரும். கேரட்டும் பீன்ஸும் மொதல்ல, அது கெட்டி. அப்பால கோஸு.

கேளு. பெரட்டிகினே சொல்றேன். கைய நிறுத்த முடியாது.

அங்க போன புதுசுல ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டானுங்களாம், கம்ப்யூட்டர் முன்னாடி. பொண்ணு மாதிரி பேசி, எவனுக்காவது ஆசயக் காட்டி துட்டப் புடுங்கணும், அதான் வேல. எம் பையன் நல்லாவே பண்ணியிருக்கான்க்கா. அவனே சொன்னான். அடிக்கு பயந்து பண்ணேன், அப்பால பழகிப் போச்சிம்மான்னான். உன் புள்ளயால முடியல. ஒரு கெழவன் போன்ல அழுதிருக்கான், இவன் போன வெச்சிட்டானாம். அடிச்சிருக்கானுங்க. திரும்பியும் வெச்சிட்டானாம். அடிச்சி அடிச்சிப் பாத்துட்டு, நீ இதுக்கு லாயக்கில்லன்னு கிச்சன்ல கொண்டு போயி தள்ளிட்டானுங்க. அத்தனை பேருக்கும் ஆக்கற கிச்சன். உன் புள்ளய, தட்டு எடுத்து வெக்காத புள்ளய.

ஆமாக்கா. இந்தக் காய அங்க ஆக்கினது அபினுதான்.

காளான எடு. சாஸு எங்க, அந்தச் சின்ன கிண்ணம். குடு. நீ குடுக்கலன்னா நா எப்படிப் பிடிக்கறது, கை வுட முடியல. ம்.

நல்லா ஆக்குவானாம். அங்க ஒரு தாய்லாந்துப் பொம்பள சொல்லிக் குடுத்துட்டு எங்கயோ போயிட்டா, அப்பால இவந்தான் அல்லாமே. நம்ம பசங்க தட்டுல மட்டும் ரவ கூட போடுவானாம். ஒறப்பு பத்தலன்னு அன்பு சொன்னா, லேய், வாய மூடிட்டுத் தின்னுலேன்னு கரண்டியக் காட்டுவானாம். அப்படித்தானே பேசுவான் அபினு? நீயும் அப்படித்தான் பேசற.

அந்தக் கிச்சனுக்குப் பின்னாடி ஒரு கதவு. மத்தியானத்துல காய்கறி வண்டி வந்தா மட்டும் தொறப்பானுங்க. முன்னாடி ரூம்ல காவலுக்கு கீறவனுங்க சோத்துக்கு குந்திகினு இருப்பானுங்களாம். அபினு பாத்து வெச்சிருக்கான். எத்தினி நாளா பாத்தானோ. ஒரு நாளு அன்ப, தட்டு கழுவ ஆளு வேணும்னு சொல்லி உள்ள கூப்ட்டுக்கினான். வண்டிக்காரன் மூட்டையத் தூக்கிகினு உள்ள வந்துட்டான், கதவு தொறந்து கீது, அதுக்கு அந்தாண்ட சோளக் காடு, அதுக்கு அந்தாண்ட ஆறு. ரெண்டு பேரும் ஓடிடணும். அதான் பேச்சு.

ஆனா அடுப்பு எரியணும்ல. சட்டி சத்தம் நின்னுச்சின்னா, முன்னாடி குந்திகினு கீறவன் இன்னாச்சின்னு எட்டிப் பாப்பான். ஆத்தாண்ட கூட போயிச் சேர முடியாது. இத்த ரெண்டு பேரும் யோசிக்கல. அங்க நிக்கறப்பதான் தெரியிது. அபினு கரண்டிய கீழ வெக்கவே இல்லயாம். பெரட்டிகினே, திரும்பிக் கூட பாக்காம சொன்னானாம். லேய், நீ முன்ன போ. நான் இத எறக்கிட்டு வாறேன்.

அன்பு போயிட்டான். சோளக் காட்டுல குந்திகினு பாத்துகினே இருந்தானாம். சட்டி சத்தம் அங்க வரைக்கும் கேட்டுச்சாம். இப்ப எறக்குவான், இப்ப எறக்குவான்னு. சத்தம் நின்னுச்சி. அபினு வரல. கொஞ்ச நேரம் பாத்தான். அப்பால நாயி கொலைக்க ஆரம்பிச்சிச்சி. இவன் ஆத்துல எறங்கிட்டான்.

நா ருசிக்குத்தான் கேக்கறான்னு நெனச்சிகினு, சாஸுக்கு பர்மா பஜாரெல்லாம் அலைஞ்சேன்க்கா. ஞாயித்துக்கிழம தட்டுல போட்டுக் குடுத்தேன், அவன் வாங்கல. சட்டிய எறக்கினேன் பாரு, அப்ப வாசப்பக்கம் திரும்பினான். யாரோ வர மாதிரி. ரொம்ப நேரம் பாத்துகினே நின்னான். நானும் மடச்சி மாதிரி யாரு வராங்கன்னு எட்டிப் பாத்தேன். அப்பாலதான் அழுதான். அழுதுகினேதான் இவ்ளோத்தயும் சொன்னான்.

உசுரோட கீறானான்னா, எனக்குத் தெரியாதுக்கா. பொய் சொல்ல மாட்டேன் உங்கிட்ட. அவனுக்கும் தெரியாது. அந்தக் கிச்சனுல இன்னும் ஆக்கிகினு இருந்தாலும் இருப்பான். அந்த எடம் எங்க கீது, எந்தப் பக்கம் ஆறு, எப்படிப் போனான், அல்லாம் அவனுக்குத் தெரியும். அத்த அவன் போலீசுக்கு சொல்ல மாட்டான், எனக்கு சொல்ல மாட்டான். கேட்டுப் பாத்துட்டேன். உங்கிட்ட சொல்லுவான். சொல்லித்தான் ஆவணும்.

தோ, கதவாண்ட காலு நெழலு தெரியுது. வந்து நிக்கறான். சத்தம் கேட்டு எழுந்துட்டான், ஆனா யாரோ கீறாங்கன்னு தெரிஞ்சி தொறக்க மாட்டேன்றான்.

தட்டு அங்க கீது, எடு. சோறு போடு, ரவ போதும். காய் மேல போடறேன், சூடு, சேலையால புடிச்சிக்கோ. தட்டு சாயுது. பரவால்ல, கொட்டினா கொட்டட்டும். நீ எடுத்துகினு போ. நா வரல. கதவத் தட்டாத, அன்புன்னு பேரச் சொல்லிக் கூப்டு. யாருன்னு கேட்டா ஜெமிமான்னு உன் பேரெல்லாம் சொல்லாத, அவனுக்குத் தெரியாது. அபினோட அம்மான்னு சொல்லு.

தொறக்கலன்னாலும் வந்துடாத, அங்கயே நில்லு. நா அடுப்ப அணைக்கல, சத்தம் நிக்காது.